செவலையின் நாலாவது காம்பு

பத்தாம் வகுப்பில் நான் அறிவியலில் மட்டும்தான் பெயில். மற்ற பாடங்களில் எப்படிப் பாஸானேன் என்பது எனக்கே விளங்காத விஷயம். திரும்ப எழுதினேன், திரும்பவும் அறிவியல்தான் காலை வாரியது. அதோடு புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டேன். திருவெள்ளறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடிந்ததும் பால் கறந்து, மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் சில வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வருவதுதான் என் உத்தியோகம்.

செவலை எங்கள் வீட்டுக் கலப்பு ஜெர்சி. நிறத்தால் வந்த பேர். பிறந்த அன்றைக்கு நிற்கத் தெரியாமல் என் மேலேயே வந்து விழுந்தது. வாழ்க்கையில் நான் பாதியில் விடாமல் முழுசாகச் செய்த ஒரே காரியம், அதைக் கன்றிலிருந்து கறவை வரைக்கும் வளர்த்ததுதான். இன்னொரு மாடு சினையாக இருந்ததால் அப்போது வீட்டில் கறந்துகொண்டிருந்தது செவலை மட்டும்.

ஒருநாள் காலையில் அதன் பின் இடது காம்பைப் பிடித்ததும் பளீரென்று ஓர் உதை விட்டது.

"என்னடி, காலங்காத்தால ஃபுட்பால் ஆடுற?" என்றேன்.

மறுபடி பிடித்தேன். பால் நூலாக வராமல் விட்டு விட்டு, திரிந்த பாலைப் போலத் துணுக்குத் துணுக்காக வந்தது. மடியின் அந்தப் பக்கம் மட்டும் கல்லாக இறுகியிருந்தது, சுட்டது. எனக்குக் கிண்டல் நின்றுபோயிற்று.

அப்பா வந்து குனிந்து தொட்டுப் பார்த்தார். "மடிநோவுடா" என்றார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு காம்பு செத்துப்போச்சுன்னா எவனும் கறவைன்னு வாங்க மாட்டான். மயிலைக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

தெரியும். செவலைக்கு முன்பு எங்களிடம் இருந்த மயிலைக்கும் இதே மாதிரி ஒரு காம்பு அடைத்துப்போனது. பிறகு இன்னொன்று. கடைசியில் அடிமாட்டு லாரியில் ஏறிப் போனது. அந்த லாரியின் பின்பலகையை மேலே தூக்கிக் கொக்கி மாட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. செவலை அந்த மாதிரி லாரியில் ஏறாது என்று அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர் போலிருக்கும். பையிலிருந்து ஒரு கறுப்பு டைல்ஸ் துண்டை எடுத்து அதன்மேல் பாலைப் பீய்ச்சினார்.

"பாருங்க தம்பி, கறுப்புல வெள்ளைத் திரி எப்படித் தெரியுதுன்னு. நீங்க படிச்சிருக்கீங்களா?"

"பத்தாவது வரைக்கும் மேடம். சயின்ஸ் மட்டும் என்னை ஃபெயில் பண்ணிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. காம்பின் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து ஒரு சின்ன பாட்டிலில் பால் எடுத்தார். அது திருச்சிக்குப் போகும், எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று அங்கே பார்ப்பார்கள் என்றார். காம்புக்குள் ஒரு ட்யூப் மருந்தை ஏற்றினார். கழுத்தில் ஊசி போட்டார்.

"மருந்து முடிஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் பாலை யாருக்கும் ஊத்தாதீங்க. மத்த மூணு காம்புப் பாலையும் சேத்துத்தான் சொல்றேன்."

"அப்ப கொட்டுறதா?" என்றார் அப்பா.

"கொட்டுறதுதாங்க ஐயா."

அப்போதுதான் அத்தை உள்ளே வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். பச்சைமலை அடிவாரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, இப்போது மாமாவோடு எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறாள். தெருவில் எந்த மாடு கனைத்தாலும் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டாள்.

"கத்தாழை அரைச்சுப் போடுங்கடா. எங்க ஊர்ல இதுக்கெல்லாம் ஊசியா போடுறாங்க?" என்றாள்.

"அக்கா, அதான் டாக்டரு வந்து பாத்துட்டாங்கல்ல. சும்மா இரு" என்றார் அப்பா. அத்தை முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள். வாசலில் என்னைத் தாண்டும்போது, "மருமவனே, நீயாவே வருவ" என்றாள்.

ஸ்ரீரங்கத்துக்குப் பாலில்லாமல் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. உத்தர வீதி மாமி வாசல் கோலத்தைத் தாண்டி வந்து வெறும் கையைப் பார்த்தாள்.

"ஏண்டாப்பா, பெருமாளுக்குப் பால் அமுது பண்ணணுமே. இப்படித் திடீர்னு வந்து நிக்கறியே?"

"செவலைக்கு மடியில நோவு மாமி. ஊசி போட்டிருக்கு. பால் ஊத்தக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்போ நேத்திக்கு ஊத்தினது?"

"அது நல்ல பால் மாமி. தண்ணி மட்டுந்தான் கலந்துச்சு."

"படவா! விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லப்படாது." அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பசு தேறட்டும். ரங்கநாதன் பாத்துப்பான்."

"அவரு படுத்துக்கிட்டே பாக்கணும் மாமி."

"வாய் மட்டும் நன்னா வளந்திருக்கு, போ!"

ஊசி போட்டு முடித்தபோது பால் தெளிந்தது. நான் மாட்டுக்கு முன்னால் ஒரு குத்தாட்டமே போட்டேன். ஆனால் மருந்து நின்று சில நாளில் மறுபடியும் அதே துணுக்கு, அதே சூடு. திருச்சியிலிருந்து முடிவும் வந்தது. நாங்கள் போட்ட மருந்து அந்தக் கிருமிக்குப் பழகிப்போன மருந்தாம்.

அன்றைக்குச் சாயங்காலமே அப்பா ஃபோனை எடுத்து, செவ்வாய்க்கிழமை மணப்பாறைச் சந்தைக்குப் போக ஒரு குட்டியானை வண்டிக்குச் சொல்லிவிட்டார். மூன்று காம்பு நன்றாகக் கறக்கும்போதே தள்ளிவிட்டால் தப்பித்தோம் என்பது அவர் கணக்கு.

"செவ்வாக்கெழமைக்குள்ள சரியாயிட்டா?" என்றேன்.

"ஆனா பாத்துக்கலாம்."

"ஆனா வண்டிய வேணாம்னு சொல்லணும். இப்பவே சொல்லுங்க."

"சரி, போடா" என்றார். அந்தச் 'சரி'யை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்டரம்மா வந்தபோது அத்தையும் வந்திருந்தாள், நான்தான் கூப்பிட்டிருந்தேன். அவள் சொன்னபடியே நானாகப் போய் நின்றதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். டாக்டரம்மா மாட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது யாரும் எதிர்பார்க்காதது.

"காய்ச்சல் இல்ல. தீனி நல்லா எடுக்குது. இன்னொரு மருந்து இருக்கு, ஆனா எடுத்தவொடனே அதைப் போட வேணாம்னு பாக்குறேன். அதுக்கும் இந்தக் கிருமி பழகிடுச்சுன்னா அப்புறம் எங்க கையில ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளைக்குச் சோத்துக்கத்தாழை, மஞ்சத்தூள், சுண்ணாம்பு, மூணையும் அரைச்சுப் போட்டுப் பாப்பம். ஒவ்வொரு தடவையும் அந்தக் காம்புல இருக்குற பாலைச் சுத்தமாப் பீய்ச்சி எடுத்துட்டுத்தான் போடணும். எங்க பயிற்சியிலயே இதச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"இத நான் மொத நாளே சொன்னேன். அப்ப ஒருத்தரும் காதுல வாங்கல. என் வாயால வந்தா பேச்சு, இவங்க வாயால வந்தா மருந்தா?"

"உங்கள மாதிரி ஆளுங்க சொல்லித்தாங்க்கா எங்களுக்கே தெரியும். கேட்டுத்தான் எழுதியிருக்காங்க."

"எழுதிக்கிட்டுப் போனவங்க ஒரு வெத்தல பாக்கு வெச்சுக் கேட்டாங்களா?"

"தெரியலக்கா. எனக்குக் காகிதமாத்தான் வந்துச்சு" என்றார் டாக்டரம்மா. அத்தைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கத்தாழை வெட்டக் கத்தியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள்.

மடலின் ஓர முள்ளைச் சீவிவிட்டு, தோலோடு துண்டு போட்டாள். நான் அம்மியைக் கழுவினேன்.

"அது எதுக்கு? மிக்ஸி இருக்குல்ல?" என்றாள் அத்தை.

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். "அந்த ஜாருல அரைச்சீங்கன்னா இனிமே நான் சட்னி அரைக்க மாட்டேன்!"

"அரைக்காட்டி இன்னும் நல்லதுதான்" என்றேன். கரண்டி ஒன்று பறந்து வந்தது.

அம்மியில் அரைத்த விழுதில் மஞ்சள் போட்டாள். பிறகு விரல் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துக் கலக்கினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் துளி. மஞ்சளாக இருந்தது ஆரத்தித் தண்ணீரைப் போல ரத்தச் சிவப்பாக மாறியது. "போதும்" என்று கையை எடுத்தாள். தண்ணீர் விட்டு இளக்கி, நான் காம்பைக் காலியாக்கியதும் மடி முழுக்கத் தடவினாள். காய்ந்ததும் கழுவி, பீய்ச்சி, மறுபடி தடவ வேண்டும். பகல் முழுக்க இதே வேலை. முதல் பூச்சு முடிந்ததும் உப்பும் மிளகாயும் கையில் வைத்து மாட்டைச் சுற்றி அடுப்பில் போட்டாள். டாக்டரம்மா இருமி இருமிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, இதுவும் மடிக்கு மருந்தா?"

"இது மாட்டுக்கில்ல. எனக்கு" என்றாள் அத்தை.

சனிக்கிழமை சண்டை வந்தது. டாக்டரம்மா வந்ததும், சுண்ணாம்பு எத்தனை கிராம் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றாள் அத்தை.

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்."

"எங்க காகிதத்துல அளவு இருக்குக்கா. நீங்க போடுறது அதைவிடக் கம்மியா இருக்குற மாதிரி தெரியுது. இது வேலை செஞ்சா நாளைக்கு வேற ஊர்ல ஒருத்தருக்கு நான் எப்படிச் சொல்றது? கொஞ்சம் போடுங்கன்னா?"

"என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. வந்து போட்டுட்டுப் போறேன்."

"எல்லா ஊருக்கும் நீங்க வர முடியுமாக்கா?"

"எல்லா ஊர் மாடும் ஒண்ணா? கத்தாழை எல்லாம் ஒண்ணா? தண்ணி காட்டுன கத்தாழை ஒரு தினுசு, வேலியில காஞ்சு கெடக்குறது ஒரு தினுசு. நீங்க கிராம எதுல வெச்சு நிறுப்பீங்க?"

டாக்டரம்மா சலிக்காமல் சொன்னார். இந்த ஒரு மாடு தேறினாலும் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தடவாமலேயே தேறியிருக்கலாம். பாலைச் சுத்தமாகப் பீய்ச்சி எடுத்ததாலேயே தேறியிருக்கலாம். நிறைய மாடுகளைப் பார்க்க வேண்டும். பாதி மாட்டுக்குத் தடவி, பாதி மாட்டுக்குப் பீய்ச்சி மட்டும் எடுத்து, என்ன வித்தியாசம் என்று பார்த்தால்தான் தெரியும்.

"தடவாம விடுற மாடு யாருது?" என்றாள் அத்தை.

"யாருதாவது..."

"அதான், யாருது? நோவுல நிக்குற மாட்ட வெச்சுக்கிட்டு, கையில மருந்தையும் வெச்சுக்கிட்டு, போடாம நின்னு வேடிக்கை பாக்கச் சொல்றீங்க. நான் பாக்க மாட்டேன்."

இரண்டு பேர் பேச்சும் எனக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் தொல்லை. டாக்டரம்மாவுக்கு ஆயிரம் மாடு கண்ணில் நின்றது. அத்தைக்குக் கண் முன்னால் நிற்கிற மாடு மட்டும். எனக்கோ இருப்பதே ஒன்று, அதற்கும் செவ்வாய்க்கிழமை வண்டி வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அளவு யாருக்கும் தெரியாமல் இந்த மருந்து அத்தையின் விரலிலேயே இருக்கிற வரைக்கும், அத்தை ஊரில் இல்லாத நாளில் செவலைக்கு மருந்து இல்லை. அத்தையோ மறுநாள் ஒரு காதுகுத்துக்குப் போகிறாள்.

அதனால் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று தடவை அவள் சுண்ணாம்பு எடுக்கப் போகும்போது, "அத்தே, நீ போடுற ஒவ்வொரு துளிக்கும் அதே மாதிரி ஒண்ணு இதுலயும் வையி" என்று வெற்றிலையை நீட்டினேன். அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்தே இருந்தது. "மருமவன் தாம்பூலம் சேக்குறான், கல்யாணம் வருது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டைக்குப் போனேன். அடிவாரச் சந்து ஒன்றில் என்னோடு படித்தவன் ஒருவன் நகைப் பட்டறையில் வேலை செய்கிறான். கல்யாண சீசன் என்பதால் அன்றைக்கும் பட்டறை திறந்திருந்தது. தங்கம் நிறுக்கிற தராசைவிட நம்பிக்கையான தராசு எனக்குத் தெரியாது.

வெற்றிலை மடிப்புகளைப் பார்த்ததும் அவன், "என்னடா, சுண்ணாம்ப அடகு வைக்க வந்தியா?" என்றான்.

"மாட்டு மருந்துடா. ஒரு பொட்டு தூசிகூட ஒட்டாமத் தராசத் தொடச்சுக் குடுத்துடுறேன்."

"மொதலாளி பாத்தா என்னைத் தொடச்சுடுவாரு. சீக்கிரம் வை."

வைத்தோம். மூன்று மடிப்பும் மூன்று எடை. ஒன்று இன்னொன்றைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு.

"ஈரம் காஞ்சிருக்கும்டா" என்றான் அவன்.

"மூணையும் ஒரே மாதிரிதான்டா மடிச்சு வெச்சேன்."

"அப்ப உங்க அத்தைக்கு அளவே தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மூன்று தடவையும் அவள் போட்ட சுண்ணாம்பு வேறு வேறு. விழுதின் நிறம் மட்டும் ஒன்றுபோலவே இருந்தது. அது என் கண்ணில் இருந்ததே தவிர அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. பெயிலானவன்தானே.

வீட்டுக்கு வந்தால் கொட்டகையில் கலவரம். செவலை ஓரிடத்தில் நிற்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. அந்தக் காம்பின் தோல் சுரண்டியதைப் போலச் சிவந்து கிடந்தது. பக்கத்தில் அப்பா கையில் சொம்போடு நின்றார்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. நாள் இல்லையேன்னு..."

"எது இல்லையே?"

"செவ்வாக்கெழமைக்கு நாள் இல்லையேன்னு சுண்ணாம்பு ரெட்டப் பங்காப் போட்டேன். செவப்பாத்தான் இருந்துச்சு, அக்கா போடுற மாதிரியேதான். சீக்கிரம் கேக்கட்டுமேன்னு..."

எங்கள் ஊரில் யூரியாவையும் இப்படித்தான் போடுவார்கள். பூச்சி மருந்தையும் இப்படித்தான் அடிப்பார்கள். ஒரு மூடி என்று எழுதியிருந்தால் இரண்டு மூடி. டாக்டர் மாத்திரையில் பாதி கொடுத்தாலும் அதை நம்பாமல் ஒன்றாகப் போட்டுக்கொள்வார்கள். அப்பாவைத் திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. விற்கத்தான் போகிறேன் என்று வண்டி சொன்ன மனுஷன், நானும் அத்தையும் இல்லாத நேரம் பார்த்து, யாரும் சொல்லாமல், தானே கத்தாழை வெட்டி அரைத்திருக்கிறார்.

"அப்ப உங்களுக்கும் இதை விக்க வேணாம்னுதான் இருக்கு" என்றேன்.

"வாய மூடிட்டுத் தண்ணி ஊத்துடா" என்றார்.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். நன்றாகக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, அன்றைக்கு முழுதும் விழுது போடாமல் பீய்ச்சி மட்டும் எடுக்கச் சொன்னார். புண்ணான காம்பைப் பிடித்தால் உதைக்கத்தான் செய்யும். உதை வாங்கிக்கொண்டே பீய்ச்சினேன். என் முழங்கால் வீங்கியது. மடி வீக்கம் வடிந்ததா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மாவும் அத்தையும் கொட்டகையில் எதிரெதிரே நின்றார்கள். பட்டறை எடைகளைச் சொன்னேன். அத்தை அசரவில்லை.

"எட எதுக்கு? நான் நெறத்தப் பாத்துல்ல போடுறேன். ஆரத்தி கரைக்கும்போது யாராச்சும் சுண்ணாம்ப நிறுத்தா போடுறாங்க? செவக்குற வரைக்கும் போடணும். கத்தாழை கொழகொழன்னு இருந்தா கூடப் புடிக்கும். இல்லன்னா கம்மி."

டாக்டரம்மா தன்னைத்தானே திட்டிக்கொள்வதைப் போல, "நானும் வீட்டுல ஆரத்தி கரைச்சிருக்கேன்" என்றார். சுண்ணாம்பு காரம், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் காகிதத்தை முக்கிப் பார்ப்பதும் இதே வேலைதான் என்று எனக்கு விளக்கினார்.

"மேடம், காரம்னா நீலமாகும்னுல்ல எழுதுனேன்? அந்த ஒரு கேள்விக்குத்தான் மார்க்கே போட்டாங்க."

"லிட்மஸ் நீலமாகும். மஞ்சள் செவப்பாகும். ரெண்டும் ஒரே சேதியத்தான் சொல்லுது."

"கேட்டுக்க மருமவனே" என்று அத்தை நிமிர்ந்தாள்.

"ஆனா ஒண்ணுக்கா" என்றார் டாக்டரம்மா. "செவந்துட்டா சுண்ணாம்பு போதும்னு தெரியும். அதுக்கு மேல ஒரு கை அள்ளிப் போட்டாலும் அதே செவப்புத்தான் இருக்கும். அதிகமாயிடுச்சுன்னு மஞ்சள் சொல்லாது. ஐயா போட்டதும் செவப்பாத்தானே இருந்துச்சு?"

"என் கையில அதிகமாகாது."

"நீங்க காதுகுத்துக்குப் போயிட்டா?"

அத்தை வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டாள். அத்தையின் வாய் அப்படி மூடியதை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அனுபவிக்கக்கூட எனக்கு நேரமில்லை, மறுநாள் வண்டி.

கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சிவக்கிற வரைக்கும் துளித் துளியாகப் போடுவது, சிவந்ததும் நிறுத்துவது, எந்த அவசரத்திலும் காகிதத்தில் இருக்கிற கிராமைத் தாண்டாமல் இருப்பது, அதற்குப் பிறகும் மாட்டின் மேல் தடவுவதற்கு முன்னால் மெல்லிய தோலில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பது. யாருடைய மெல்லிய தோல் என்று ஒரு பேச்சு வந்தது. மூன்று பேரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அறிவியலும் அனுபவமும் முழுசாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். என் முழங்கைக்கு உள்பக்கம் அன்றைக்குப் பூராவும் விழுதின் சிவப்பு ஒட்டியிருந்தது.

எரியவில்லை. தடவினோம். புண் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மடி முழுக்க. நான் மாட்டுக்குப் பக்கத்திலேயே சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். காயக் காயக் கழுவி, பீய்ச்சி, அரைத்து, தடவி. விரல் மூட்டெல்லாம் வலித்தது. பரீட்சைக்கு இதில் பாதி உழைத்திருந்தால் நானும் டாக்டராகியிருப்பேன் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, கேட்காமலேயே அந்த மிக்ஸி ஜாரைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குட்டியானை வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கிப் பலகையைச் சாய்த்துப் போட்டான். நான் செவலையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

"இருப்பா, பாத்துட்டுச் சொல்றேன்" என்று அப்பா கொட்டகைக்குள் வந்தார். டாக்டரம்மா கறுப்பு டைல்ஸை நீட்ட, நான் பீய்ச்சினேன். திரி இல்லை. அப்பா ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். மடிநோய்ப் பால் உப்புக் கரிக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"கரிக்கல" என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

டாக்டரம்மா பாலில் ஒரு நீல மருந்தை ஊற்றி ஆட்டினார். நோய் இருந்தால் அது கூழாகிக் கெட்டிப்படும். லேசாக, மிக லேசாகக் கொழகொழத்தது.

"குறைஞ்சிருக்கு ஐயா. ஆனா இன்னும் போகல" என்றார்.

"நாக்குக்குத் தெரியலையே?" என்றார் அப்பா.

"நாக்குக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே இதுல தெரியும். இன்னும் கொஞ்ச நாள் விடாமப் பாக்கணும்."

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அந்த அம்மா. அப்படிச் செய்யவில்லை. அப்பா வண்டியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார்.

"இன்னைக்கு நல்லாத்தான இருக்கு. இன்னைக்கு வித்தா கறவைன்னு போகும். அடுத்த வாரம் திரும்பவும் வந்துச்சுன்னா?"

"வந்தா நான் திரும்பவும் பீய்ச்சுறேன்."

"எத்தினி நாளைக்குடா?"

"சரியாகுற வரைக்கும். சரியானா வண்டி வேணாம்னு சொல்றேன்னீங்க."

"சரியாகலன்னுதான அவங்க சொல்றாங்க?"

"கொறஞ்சிருக்குன்னும் சொன்னாங்க."

டிரைவர் ஹாரன் அடித்தான். அப்பா கயிற்றுக்குக் கையை நீட்டினார். நான் விடவில்லை.

"ஏத்துங்க. நானும் ஏறுறேன்" என்றேன். "சந்தையில மாட்டுப் பக்கத்துலயே நிப்பேன். எவன் விலை கேக்க வந்தாலும், அண்ணே, பின்னாடி இடது காம்புல மடிநோவு, ஊசிக்கு அடங்காத கிருமி, நேத்து எங்கப்பா ரெட்டப் பங்கு சுண்ணாம்பு போட்டுப் புண்ணாக்கிட்டாருன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவேன். திருச்சி லேப்புல சொன்னதையும் சேத்துச் சொல்லுவேன்."

"முந்தாநேத்துடா" என்றார் அப்பா. அவ்வளவுதான் அவர் சொன்னது.

அத்தைதான் முதலில் சிரித்தாள். டாக்டரம்மா குனிந்து பையை மூடுவதைப் போல முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பா வாசலைப் பார்த்துக் கத்தினார். "தம்பி, மாடு வரல. வேணும்னா இவன ஏத்திட்டுப் போ, வெலை போறானான்னு பாரு."

"இவன யாருங்க வாங்குவா?" என்று பலகையைத் தூக்கி மாட்டினான் டிரைவர்.

அதற்குப் பிறகும் பல நாள் விடாமல் செய்தோம். சாம்பிள் எடுக்க வரும்போதெல்லாம் டாக்டரம்மாவின் நீல மருந்து முன்பைவிடக் கொஞ்சம் தண்ணியாக ஓடியது. ஒருநாள் முழுதும் தண்ணியாகவே ஓடியது. வேறு மருந்து போடத் தேவைப்படவில்லை. எது கேட்டது, கத்தாழையா, மஞ்சளா, சுண்ணாம்பா, நான் பீய்ச்சியதா என்று கேட்டேன்.

"ஒரு மாட்ட வெச்சுச் சொல்ல முடியாது தம்பி" என்றார் டாக்டரம்மா.

"ஒரு மாட்டத்தான காப்பாத்தச் சொன்ன?" என்றாள் அத்தை.

இப்போது எங்கள் தெருவில் எந்த மாட்டுக்கு மடி வீங்கினாலும் அத்தை தடவப் போகிறாள். டாக்டரம்மா சாம்பிள் எடுக்க வருகிறார். என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம், எப்போது தெளிந்தது என்று அவருக்கு ஃபோனில் சொல்வது என் வேலை. தடவாமல் விட ஒரு மாடு அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. கேட்பதையும் அவர் விடவில்லை.

டாக்டரம்மா பால் ஊற்றலாம் என்று சொன்ன அன்றைக்குக் காலையில் கேனைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். மூன்று காம்பையும் முதலில் கறந்தேன். பின் இடதைக் கடைசியாகப் பிடித்தேன். செவலை காலைத் தூக்கியது, யோசித்தது, கீழே வைத்தது. மற்ற மூன்றைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் நூலாக வந்தது.